கடலோர நகரத்தில் கரையின் சமையலுக்கு ஒரு மேசை இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் சென்னையின் உணவகங்களைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆவலோடு படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது இரண்டு குறைகள் தென்பட்டன. அவற்றில் ஒன்று சிறியது, மற்றொன்று பெரியது. இரண்டையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சிறிய குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரிய, ஜப்பானிய, இத்தாலியச் சமையல்கள் வந்த பிறகுதான் சென்னை பல நாட்டு உணவுகளின் நகரமானது என்ற எண்ணம் அந்தக் கட்டுரையின் அடியில் ஓடுகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது, கொரியக் குடும்பங்கள் இங்கே குடிவந்தன, அவர்களுக்காகக் கிம்சியும் சுட்ட இறைச்சியும் பரிமாறும் கடைகள் திறக்கப்பட்டன என்பதெல்லாம் உண்மையே. ஆனால் பிழைக்க வந்தவரின் பின்னாலேயே அவருடைய அடுப்பும் வந்து சேர்வது இந்த ஊரில் கொரியர்களோடு தொடங்கிய வழக்கம் அன்று. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ் 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் 1948 முதல் இட்லியைச் சாம்பாரில் மிதக்க விடும் ரத்னா கபேயை நிறுவிய குடும்பம் வடநாட்டிலிருந்து வந்தது என்பது, அங்கே அன்றாடம் சாப்பிடுவோரில் பலருக்கே தெரியாது. கொழும்பில் தொழில் பழகிய ஏ.எம். புஹாரி 1951-இல் மவுண்ட் ரோட்டில் உணவகம் வைத்தார். இன்று நாடு முழுவதும் தெருமுனைகளில் பொரிபடும் சிக்கன் 65-க்கு அதுவே பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெயரில் உள்ள எண்ணுக்கு ஆளுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்த வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. சேப்பாக்கத்து நாயர் மெஸ், ஆந்திரச் சாப்பாட்டுக் கடைகளின் பருப்புப்பொடியும் கோங்குராவும், சவுகார்பேட்டையில் மாலை நேரத்தில் எழும் நெய்வாசம், 1983-க்குப் பிறகு கடல்கடந்து வந்த ஈழத்தமிழர்கள் வளசரவாக்கம் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்த சொதியும் கொத்து ரொட்டியும் என்று இந்த வரிசை நீளமானது. கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் காரில் அமர்ந்தபடியே தோசை சாப்பிட்ட தலைமுறைக்கு, இப்போது அங்கே இருக்கும் செம்மொழிப் பூங்காவைக் கடக்கும்போதெல்லாம் இன்னும் காபி மணக்கும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் என் பணிக்காலம் முழுவதும் துறைமுகத்தை ஒட்டிய அலுவலகம் ஒன்றில் கழிந்தது. மாலையில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு நடக்கும் வழியில் என்னை நிறுத்தி வைத்தது பர்மா அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டம்தான். 1960-களில் பர்மாவில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பிழைக்க வழிசெய்யும் பொருட்டு 1969-இல் பாரிமுனைக்கு அருகே கடைகள் ஒதுக்கப்பட்டு, அவ்விடத்துக்குப் பர்மா பஜார் என்ற பெயர் நிலைத்தது. வெளிநாட்டு வானொலிப் பெட்டிகளையும் வாசனைத் திரவியங்களையும் தேடி அங்கே போனவர்கள், பக்கத்துத் தெருவின் தள்ளுவண்டிகளில் அத்தோவைக் கண்டுபிடித்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் வேகவைத்த தடித்த நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மேலே நொறுக்கிப்போட்ட பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரிப்பு என எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே பிசைந்து தட்டில் வைத்து, வாழைத்தண்டு சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி நீட்டுவார். கீறிய முட்டைக்குள் பொரித்த வெங்காயத்தை அடைத்துத் தருவது தனி. பர்மியர்களின் மொகிங்கா என்ற நூடுல்ஸ் சூப் மீன்சாற்றில் செய்யப்படுவது. ஆனால் நான் சாப்பிட்ட வண்டிகளில் அதில் மீன் இருந்ததில்லை, வாழைத்தண்டு மட்டுமே இருந்தது. துறைமுகச் சுவரிலிருந்து கல்லெறியும் தூரத்தில், மீனுக்கே உரிய ஒரு பண்டத்திலிருந்து மீன் கழன்று போயிருந்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. இப்போது எழுத வந்திருக்கும் பெரிய குறைக்கு அதுவே முன்னறிவிப்பாக இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பெரிய குறை இது. தங்கள் கட்டுரை குறிப்பிட்ட உணவகங்களையும் நான் மேலே எழுதியவற்றையும் சேர்த்து ஒரே பட்டியலாக வைத்துப் பாருங்கள். உடுப்பி, செட்டிநாடு, கேரளம், ஆந்திரம், ராஜஸ்தான், பர்மா, ஈழம், கொரியா என்று எங்கிருந்தோ வந்தவர்கள் எல்லோருக்கும் இந்த நகரம் ஒரு மேசை போட்டிருக்கிறது. அது நகரத்தின் பெருமை. ஆனால் 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மணல்திட்டைப் பெற்றுக் கோட்டை கட்டும் முன்பே இங்கே குப்பங்களில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களின் சமையலுக்கு மட்டும் அந்த மேசைகளில் இடமில்லை. எண்ணூரிலிருந்து கோவளம் வரை மீனவர் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனாலும் அந்தக் குப்பத்து வீடுகளில் இன்று மதியம் என்ன சமைக்கிறார்களோ அதை ஒரு வெளியூர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, விலைப்பட்டியல் பார்த்து, கேட்டு வாங்கிச் சாப்பிட ஓர் உணவகத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மீன் கிடைக்காத உணவகமா, என்று தங்கள் வாசகர்கள் கேட்கக்கூடும். மீன் கிடைக்கிறது. ஆனால் எந்த மீன், யாருடைய கைப்பக்குவத்தில் என்று பாருங்கள். சென்னையில் அசைவச் சாப்பாட்டுக்குப் பேர்போன கடைகள் பெரும்பாலும் செட்டிநாட்டுப் பெயரைத் தாங்கியவை. இராயப்பேட்டையில் 1964-இல் தொடங்கிய அஞ்சப்பர் முதற்கொண்டு அவற்றின் சுவையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. என் நாக்கும் அவற்றில் பழகியதுதான். ஆயினும் காரைக்குடி கடற்கரையில் இல்லை. மழை குறைந்த உள்நாட்டுச் சீமையின் மசாலாவில்தான் கடலோர நகரம் ஒன்று தன் மீனை உண்கிறது என்பது வேடிக்கையான செய்தி அல்லவா? அது பிடிக்காதவர்கள் கேரள மெஸ்ஸுக்குப் போய்க் குடம்புளி போட்ட குழம்பைச் சாப்பிடலாம். இன்னும் காரம் வேண்டுமென்றால் ஆந்திரக் கடையின் மீன்குழம்பான சேப்பல புளுசு இருக்கிறது. காசிமேட்டுக் குழம்பு என்றோ நொச்சிக்குப்பத்துக் குழம்பு என்றோ ஒரு வரி எந்த விலைப்பட்டியலிலும் என் கண்ணில் பட்டதில்லை.

மீன்வகையிலும் இதே கதைதான். வஞ்சிரம், இறால், நண்டு, நெத்திலி, சில இடங்களில் கடம்பா, வவ்வால், நல்வாய்ப்பாகச் சுறாப்புட்டு. இத்துடன் உணவகக் கடல் முடிந்துவிடுகிறது. இராயபுரத்தில் நான் குடியிருக்கும் தெருவுக்குக் காலையில் கூடையோடு வரும் அம்மாவிடம் காரப்பொடி என்னும் சிறுமீனும் கானாங்கெளுத்தியும் மத்தியும் கிழங்கானும் பாறையும் இருக்கும். காரப்பொடியை அலசி, மாங்காய் போட்டுத் தண்ணீராகக் கொதிக்க வைக்கும் குழம்பின் ருசி வஞ்சிரத்துக்கு வராது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று காரப்பொடியையும் சுறாவையும் தேடி வாங்கிக் கொடுப்பது இந்தப் பகுதியில் இன்றும் நடக்கிறது. சென்னாகுன்னி என்னும் பொடி இறாலை வறுத்துப் பொடியாக்கி வைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் பழைய சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட கருவாட்டுக் குழம்பு, நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, முதல்நாள் வைத்து மறுநாள் சுண்டவிட்ட மீன்குழம்பு ஆகியவற்றை வீட்டுக்கு வெளியே சாப்பிட வேண்டுமென்றால் ஒன்றிரண்டு மெஸ்களில் என்றைக்காவது கிடைக்கும். கிடைக்கும் என்று உறுதியாக யாரையும் அழைத்துக்கொண்டு போக முடியாது.

இந்தச் சங்கடம் எனக்கு நேரில் உறைத்தது, மங்களூரிலிருந்து பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தபோதுதான். அவர் ஊரில் நான் தங்கியிருந்த நாட்களில், மதியச் சாப்பாட்டுக்கு என்னை அழைத்துச் சென்ற சிறிய ஓட்டல்களில் பாங்குடை என்கிற கானாங்கெளுத்தியும், பூத்தாய் என்கிற மத்தியும் புளியும் மிளகாயும் அரைத்த மசாலாவில் மூழ்கி வந்தன. அலுவலகம் போகிறவர்கள், வண்டியோட்டிகள், குடும்பத்தோடு வந்தவர்கள் எல்லோரும் அதையே கேட்டு வாங்கினார்கள். ஊர்க்காரர்களின் மீன் அங்கே ஓட்டலின் முதல்வரியில் இருக்கிறது. அந்த நண்பர் சென்னையில் இறங்கியதும், “உங்கள் ஊர் மீனவர்கள் சாப்பிடுவதுபோல ஓர் இடத்துக்கு அழைத்துப் போங்கள்” என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் வாழ்ந்த நான், அன்று அரைமணி நேரம் யோசித்துவிட்டு, என் மனைவியிடம் சொல்லி வீட்டிலேயே சமைக்க வைத்தேன். அவருக்கு விருந்து குறைவில்லாமல் நடந்தது. ஆனால் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

இதற்கு உணவக உரிமையாளர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயம் ஆகாது என்பதையும் எழுதியாக வேண்டும். வஞ்சிரத்தை ஒரே கனத்தில் வளையம் வளையமாக வெட்டலாம். ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று விலை போடலாம். முள்ளுக்குப் பயந்து யாரும் தட்டைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். காரப்பொடியோ ஒரு கிலோவுக்கு எத்தனையோ தலைகளைக் கிள்ளிச் செதில் உரசிக் கழுவ வேண்டிய மீன். ஆள்கூலி அதிகம், அதைச் சாப்பிடத் தெரிந்தவர்கள் குறைவு. மத்தி சில மணி நேரத்தில் நிலைமாறிவிடும். கருவாட்டைப் பொறுத்தவரை, அதன் வாசனை அடுத்த மேசைக்காரரைத் தொந்தரவு செய்யும் என்ற அச்சம் ஒருபுறம், கட்டடத்தை வாடகைக்கு விடுபவரின் நிபந்தனை மறுபுறம். உணவகத் தொழிலுக்கு இந்நகரில் இலக்கணம் வகுத்தவை உடுப்பி ஓட்டல்கள் என்பதால், சைவம் சாப்பிடும் இடம் வெறும் ஓட்டல் என்றும், இறைச்சியும் மீனும் கிடைக்கும் இடம் ‘மிலிட்டரி ஓட்டல்’ என்றும் ஒரு காலத்தில் பெயர்ப்பலகையிலேயே பிரிந்து நின்றன. அந்தப் பலகைகள் பெரும்பாலும் போய்விட்டன. மீன் நாற்றம் என்று மூக்கைச் சுளிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. மீன் மணம் என்று சொல்லிப் பழகிய ஊர்களும் உலகில் இருக்கின்றன.

மற்றொரு காரணம் எனக்குப் புரிய வந்தது ஒரு மே மாதத்தில். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை; மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்கான தடைக்காலம் அது. நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கொண்டுவரும் கொஞ்ச மீன் மட்டுமே கரைக்கு வரும். அப்படிப்பட்ட நாள் ஒன்றில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்தபடி நாற்காலி போட்டிருந்த ஓர் உணவகத்தில், இன்றைக்கு என்ன மீன் வந்தது என்று கேட்டேன். பரிமாறிய இளைஞர் சற்றுக் குழம்பிப் போய், “எல்லா மீனும் எப்போதும் இருக்கும் சார்” என்றார். வஞ்சிரம் வந்தது. அது எந்தக் கடலில், எந்த மாதத்தில் பிடிபட்டது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பருவம் பார்க்காமல், கரை பார்க்காமல், ஆண்டு முழுவதும் ஒரே பட்டியலை நிறைவேற்ற வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்வரை, அன்றன்று வலையில் விழுவதை நம்பிச் சமைக்கும் குப்பத்து முறை அந்தச் சமையலறைக்குள் நுழைய வழியே இல்லை.

கரையின் சமையல் முற்றிலும் மறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அது உணவகங்களில் இல்லாமல், கலங்கரை விளக்கத்தின் பக்கத்திலும் பட்டினப்பாக்கத்திலும் காசிமேட்டிலும் பெண்கள் போட்டிருக்கும் அடுப்புகளில் இருக்கிறது. கணவரோ மகனோ அண்ணனோ பிடித்து வந்ததை, அல்லது விடியற்காலையில் ஏலத்தில் எடுத்ததை, மசாலா தடவித் தோசைக்கல்லில் போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கே வாழையிலையோ காகிதத் தட்டோ வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுகிறவர்களுக்கு, குளிரூட்டிய அறையில் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. சில கடைகளுக்கு நல்ல பெயரும் கூட்டமும் சேர்ந்திருப்பது மகிழ்ச்சியே. ஆனால் அந்த அடுப்புகளுக்கு உறுதியான இடம் கிடையாது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வழி, மழைக்கு ஒதுங்கக் கூரை எதுவும் கிடையாது.

2023 ஏப்ரலில் மெரினா வளைவுச் சாலை எனப்படும் லூப் ரோட்டில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் முன் வந்து, சாலையோரத்து மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியபோது, நொச்சிக்குப்பத்து மக்கள் மீன்களோடும் படகுகளோடும் சாலையில் அமர்ந்ததைத் தங்கள் நாளிதழும் செய்தியாக வெளியிட்டது. பிறகு 2024 ஆகஸ்டில் அதே இடத்தில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. அங்கே விற்பனை மேடை இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் குறைசொல்ல வரவில்லை. பச்சை மீனை விற்க இவ்வளவு யோசித்தவர்கள், அதைச் சமைத்து விற்கும் பெண்களையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம். தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கவும் அவர்களுக்கு இடம் வரையறுக்கவும் 2014-இலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. அதன்படி, அங்காடியை ஒட்டி ஒரு சமையல் கொட்டகை, அதில் இருபது அடுப்புகள், கைகழுவ நல்ல தண்ணீர், உட்கார நான்கு வரிசை பெஞ்சுகள் என்று ஏற்படுத்திக் கொடுத்தால் மாநகராட்சிக்குப் பெரிய செலவு ஆகிவிடாது. மீனைத் தேர்ந்தெடுத்து வாங்கிய இடத்திலேயே சமைத்துக் கேட்கலாம் என்றால் வெளியூர்க்காரர்கள் தாமாக வருவார்கள். என் நண்பரையும் தயங்காமல் அழைத்துப் போவேன்.

உணவக உரிமையாளர்களிடம் நான் கேட்பது இதைவிடச் சிறியது. வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, இன்றைக்குக் கரைக்கு வந்த மீனின் பெயரையும் அது காசிமேட்டிலிருந்து வந்ததா, பழவேற்காட்டிலிருந்து வந்ததா என்பதையும் எழுதிப் போடலாம். தடைக்காலத்தில் அந்தப் பலகையில் ஒரே ஒரு மீன்தான் இருந்தது என்றால் அதையே எழுதலாம். வாரத்தில் ஒருநாள் கரையோரத்துப் பெண் ஒருவரைச் சமையலுக்கு அழைத்து, மாங்காய் போட்ட காரப்பொடிக் குழம்பையோ சென்னாகுன்னிப் பொடியையோ அவர் பெயரிலேயே பரிமாறினால் இன்னும் நல்லது. முள்ளெடுத்துச் சாப்பிடத் தெரியாத இளைஞர்கள் பழகிக்கொள்வார்கள். குச்சிகளைப் பிடித்து நூடுல்ஸ் சாப்பிடக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது ஒன்றும் கடினமில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அந்த இணைப்பிதழில் இத்தகைய கட்டுரைகள் தொடரும் என்று கீழே குறிப்பிட்டிருந்தீர்கள். அடுத்த கட்டுரையாளரை மாலையில் நுங்கம்பாக்கத்துக்கு அனுப்பும் முன், தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் திரும்பத் தொடங்கும் ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள் விடியற்காலை நான்கு மணிக்குக் காசிமேட்டு ஏலக்கூடத்துக்கு அனுப்பி வையுங்கள். அங்கிருந்து எந்தக் கூடை எந்தச் சமையலறைக்குப் போகிறது, எது ஏற்றுமதிக்குப் போகிறது, எது தெருவுக்கு வருகிறது, எது கருவாட்டுக்குப் போகிறது என்று அவர் பின்தொடர்ந்து எழுதட்டும். வழியில் எங்கள் தெருவுக்கும் வரலாம். கூடைக்காரம்மா ஏழரை மணிக்கு வந்துவிடுவார், எட்டு மணிக்கெல்லாம் காரப்பொடி தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
இராயபுரம், சென்னை-13